கண்டவருக்கும் முடிவெடுப்பவருக்கும் இடையே உள்ள தூரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 8.59 மணிக்குச் சுமத்திராவின் மேற்குக் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அடுத்த சில நிமிடங்களில் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடிகளில் குடியிருந்த பலர், தொங்கும் விளக்கு ஆடுவதைப் பார்த்தும் தலை சுற்றுவதுபோல் உணர்ந்தும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வழியாக இறங்கி வாகன நிறுத்துமிடத்தில் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் மேலே போனார்கள். பள்ளி விடுமுறைக் காலத்து ஞாயிறு என்பதால், பினாங்குத் தீவின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள கடற்கரைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் கூடத் தொடங்கியிருந்தன. நண்பகலைத் தாண்டிய பிறகுதான் கடல் வந்தது. அன்று மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள்.

நில அதிர்வுக்கும் அலைக்கும் இடையில் நமக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அதே நாளில், அதிர்வு தொடங்கிய இடத்துக்கு மிக அருகே இருந்த சிமெலூ என்னும் இந்தோனேசியத் தீவில் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தார்கள். அங்கே வடகரைக்கு அலை வந்துசேரச் சில நிமிடங்களே ஆயின. ஆனாலும் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. 1907ஆம் ஆண்டு இதேபோன்ற அலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த அத்தீவினர், அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, நிலம் பலமாக ஆடினால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே மலையேற வேண்டும் என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்தார்கள். அவர்களிடம் சங்கொலிக் கம்பமோ செயற்கைக்கோள் தகவலோ இல்லை. நம்மிடமும் அப்போது இல்லை; இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு உருவானதே அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான்.

இரண்டு இடங்களிலும் நிலம் ஆடியதை மக்கள் உணர்ந்தார்கள். சிமெலூவில் அதிர்வை உணர்ந்தவரே முடிவெடுப்பவராகவும் இருந்தார். பாட்டி ‘ஸ்மோங்’ என்று கூவினால் ஊர்த்தலைவரின் அனுமதிக்காக யாரும் காத்திருக்கவில்லை. இங்கே அதிர்வை உணர்ந்தவர் பதினைந்தாவது மாடியில் இருந்தார்; அலையில் சிக்கப்போகிறவர் மணலில் இருந்தார்; நடுவில் ‘என்ன செய்வது’ என்று சொல்ல வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. ஒரு நிறுவனத்திலும் ஆலய நிர்வாகத்திலும் பள்ளியிலும் மாநிலத்திலும் இடர் மேலாண்மை என்ற பெயரில் நாம் செய்யும் வேலையெல்லாம், ஆபத்தின் அறிகுறியைக் கண்டவருக்கும் முடிவெடுக்கும் உரிமை உள்ளவருக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைக் குறைக்கும் வேலைதான் என்பது என் கருத்து. அந்தத் தூரம் குறையவில்லையென்றால், எத்தனை பக்கத் திட்ட அறிக்கை இருந்தாலும் அது அலமாரியில் இருக்கும் காகிதமே.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆபத்து வேறு, இடர் வேறு. பெருமழையில் கரை மீறும் சுங்கை பினாங்கு ஆறு ஓர் ஆபத்து. அந்த ஆற்றுக்கு அருகில், தரைத்தளத்தில், இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை வைத்திருப்பது இடர். ஆற்றை நாம் நகர்த்த முடியாது, பதிவேட்டை நகர்த்த முடியும். 2009இல் வெளியிடப்பட்டு 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 31000 என்னும் அனைத்துலகத் தரநிலை, நம் நோக்கங்களின் மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவே இடர் என்று வரையறுக்கிறது. அதாவது, நாம் எதைக் காப்பாற்ற விரும்புகிறோம் என்பதைச் சொல்லாமல் இடரைப் பற்றிப் பேசத் தொடங்க முடியாது. மலேசியத் தொழிற்சாலைகளில் ‘ஹிரார்க்’ என்று அழைக்கப்படும் முறையும் இதே வரிசையில்தான் போகிறது: ஆபத்தை அடையாளம் காண்பது, அது நிகழும் வாய்ப்பையும் நிகழ்ந்தால் வரும் பாதிப்பையும் மதிப்பிடுவது, பிறகு கட்டுப்படுத்துவது. கட்டுப்படுத்துவதிலும் ஒரு முன்னுரிமை உண்டு. ஆபத்தையே அகற்ற முடியுமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்; தலைக்கவசமும் கையுறையும் கடைசி வரிசையில் வருபவை. நடைமுறையில் பல இடங்களில் கடைசி வரிசையிலிருந்தே தொடங்குகிறார்கள், ஏனென்றால் அது மலிவானது.

வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, பாதிப்புக்கு ஒன்று முதல் ஐந்து என்று மதிப்பெண் கொடுத்து இரண்டையும் பெருக்கி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமிடும் அட்டவணையைப் பணியிடப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். பயனுள்ள கருவிதான், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. வாரந்தோறும் நிகழ்ந்து ஒரு பிளாஸ்திரியோடு முடிந்துவிடும் கீறல் காயத்துக்கு ஐந்து பெருக்கல் ஒன்று, ஐந்து. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்து இருபது உயிர்களைக் கொண்டுபோகும் தீவிபத்துக்கு ஒன்று பெருக்கல் ஐந்து, அதுவும் ஐந்து. இரண்டும் ஒரே கட்டத்தில், ஒரே வண்ணத்தில் உட்காருகின்றன. கூட்டத்தில் இருப்பவர்கள் தங்களுக்குப் பழக்கமான கீறலைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, தீயைப் பற்றி ‘வாய்ப்பு மிகக் குறைவு’ என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிடுகிறார்கள். மீட்க முடியாத இழப்பை எண்ணால் சமப்படுத்தக் கூடாது. அதைத் தனியே எடுத்துவைத்துப் பேச வேண்டும்.

‘நூறாண்டுக்கு ஒருமுறை’ என்ற சொற்றொடர் ஏற்படுத்தும் மயக்கமும் இத்தகையதே. 2021 டிசம்பர் நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டி, ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தபோது இந்தச் சொற்றொடரை அடிக்கடி கேட்டோம். கேட்டவர்களில் பலர், இனி நம் ஆயுளில் இது வராது என்று ஆறுதல் அடைந்தார்கள். அதன் பொருள் அதுவன்று. ஒவ்வோர் ஆண்டும் அது நிகழ நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது ஆண்டுக்கு வீட்டுக்கடன் எடுத்துக் குடியேறும் ஒரு குடும்பத்துக்கு, அந்தக் கடன் முடிவதற்குள் அத்தகைய வெள்ளம் குறைந்தது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒன்று. அதுவும் மழையின் போக்கும் மலைச்சரிவுகளின் நிலையும் மாறாமல் இருந்தால் வரும் கணக்கு. அவை மாறிக்கொண்டிருக்கின்றன. 2021ஆம் ஆண்டின் வெள்ள இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று நாட்டின் புள்ளியியல் துறை மதிப்பிட்டது.

வடபகுதியில் உள்ள நமக்கு மறக்கக் கூடாத இன்னொரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. 1988 ஜூலை 31 அன்று, பட்டர்வொர்த்தின் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறையில் பயணிகள் நின்றிருந்த மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 1,600க்கும் மேல். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழாவும் பினாங்கில் சீனர்களின் பெரிய சமய விழா ஒன்றும் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு விழாவுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பது அதை நடத்துபவருக்குத் தெரியும். இன்னொரு விழாவுக்கு வரும் கூட்டம் அதை நடத்துபவருக்குத் தெரியும். இரண்டும் ஒரே மாலையில், ஒரே படகுத்துறையின் ஒரே மேல்தளத்தில் வந்து சேரும் என்று கூட்டிப் பார்க்க வேண்டியவர் யார்? ஆலய நிர்வாகங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் தைப்பூசத்துக்கு முன் இந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லி வருகிறேன். தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ வரும் கூட்டத்தை ஆலயமும் காவல்துறையும் கணக்கிடுகின்றன. அதே கூட்டம் திரும்பும் வழியில் உள்ள சிறிய நடைபாலத்தையும், தண்ணீர்ப் பந்தலுக்காகச் சாலையோரம் எழுப்பிய மேடையையும், மின்சாரத்துக்காக இழுத்த கம்பியையும் யார் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டால், ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இரண்டு பொறுப்புகள் சந்திக்கும் எல்லைக் கோட்டில்தான் பெரும்பாலும் ஆபத்து குடியிருக்கிறது.

உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டது, அறிகுறிகள் இல்லாமல் நடந்ததன்று. கட்டடத்துக்கு மேலிருந்த குன்றில் மரங்கள் அழிக்கப்பட்டிருந்தன. ஓடை குழாய் வழியாகத் திருப்பப்பட்டிருந்தது. சுற்றியிருந்த சாலையில் விரிசல்கள் அகலமாவதைக் குடியிருப்பாளர்கள் கண்டிருந்தார்கள். அதன் பிறகு பத்து நாள் கனமழை. விரிசலைக் கண்டவர்களிடம் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் இல்லை. அந்தத் துயரத்திலிருந்துதான் நாட்டின் பேரிடர் நிர்வாகம் உருப்பெற்றது. ‘ஸ்மார்ட்’ என்னும் சிறப்பு மீட்புக் குழு அமைக்கப்பட்டது. மாவட்டம், மாநிலம், கூட்டரசு என்று மூன்று நிலைகளில் யார் தலைமை ஏற்பது என்பதைச் சொல்லும் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் உத்தரவு 1997இல் வந்தது. 2015இல் பிரதமர் துறையின் கீழ் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், சட்டம் அளிக்கும் விலக்கின்படி ஊராட்சி மன்றத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டுப் பின்னால் ஈட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் முன்னெச்சரிக்கையைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

பெரிய நிகழ்வுகளைச் சொல்லிக்கொண்டு போனால், இது அரசாங்கத்தின் வேலை என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு மிக அருகில் நடந்த சிறிய நிகழ்வு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பினாங்குத் தீவில் தமிழர்கள் நடத்தும் ஒரு சங்கத்தின் செயலவையில் அப்போது நான் இருந்தேன். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பிற்பகலிலிருந்தே மழை நிற்கவில்லை. மாலை ஐந்தரை மணிக்குத் துணைச் செயலாளர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினார்: “அண்ணே, வாசல் வாய்க்கால் ரொம்பிருச்சு. கீழ் அலமாரியில இருக்கிற பதிவேடெல்லாம் மேல்மாடிக்கு ஏத்திரலாமா?” மூத்தவர் ஒருவர் பதில் எழுதினார்: “தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்மா.” தலைவர் சுங்கைப் பட்டாணியில் ஒரு திருமண வீட்டில் இருந்தார், அலமாரிச் சாவியும் அவரிடமே இருந்தது. அவர் குறிப்பைப் பார்த்தபோது இரவு ஒன்பது மணி. “சரி, ஏத்திருங்க” என்று அவர் எழுதியபோது, சாலையில் யாரும் வர முடியாத அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது.

அந்த இரவு தீவின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. மாநிலத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு முதலமைச்சர் துணைப் பிரதமரைத் தொலைபேசியில் அழைத்து இராணுவ உதவி கேட்க வேண்டிய நிலை வந்தது. அந்த இழப்புகளுக்கு முன்னால் எங்கள் இழப்பு ஒன்றுமில்லை: நாற்பது ஆண்டு உறுப்பினர் பதிவேடும், கூட்டக் குறிப்பேடுகளும், பழைய நிழற்படங்களும். ஈரமான பக்கங்களை விசிறிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தபோது, ஊற்றுப்பேனா மையில் எழுதிய பெயர்கள் நீலக் கறையாகிப் போயிருந்ததைப் பார்த்தேன். பந்துமுனைப் பேனாவில் எழுதியவை தப்பித்திருந்தன. மழையை முதலில் கண்டவர் சரியான நேரத்தில் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அவரிடம் சாவி இல்லை, உரிமையும் இல்லை. நாங்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு அவரைத் தடுக்கவில்லை. மூத்தவரைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்ற நல்ல பழக்கமே அன்று எங்களைக் கட்டிப்போட்டது.

இந்தத் தூரத்தைக் குறைக்கும் வழிகளில் மிகச் சிறந்தது, முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவதுதான். கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட ‘ஸ்மார்ட்’ சுரங்கத்தைப் பாருங்கள். மேலே சொன்ன மீட்புக் குழுவுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வெள்ளநீர்ச் சுரங்கத்தின் ஒரு பகுதியில் ஈரடுக்கு வாகனச் சாலையும் இருக்கிறது. சாதாரண நாளில் வாகனங்கள் ஓடும். மிதமான மழையில் சாலைக்கு அடியில் உள்ள கால்வாய் வழியாக நீர் திருப்பப்படும், வாகனங்கள் அப்போதும் ஓடும். கடும் மழையில் வாகனங்கள் வெளியேற்றப்பட்டு, கதவுகள் திறக்கப்பட்டு, சுரங்கம் முழுவதும் நீருக்கு விடப்படும். எந்த நிலைக்கு எப்போது மாறுவது என்பதை ஆற்றில் ஓடும் நீரின் அளவு தீர்மானிக்கிறது. நெரிசல் நேரத்தில் சாலையை மூடினால் மக்கள் கோபிப்பார்களே என்று அந்த நேரத்தில் உட்கார்ந்து விவாதிக்க இடமில்லை; விவாதம் முன்பே முடிந்துவிட்டது.

இதே முறையை ஒரு பள்ளியோ கடையோ சங்கமோ ஒரு காசு செலவில்லாமல் பின்பற்ற முடியும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. மலாயில் அவை வாஸ்பாடா, பூரோக், பஹாயா. நம்மில் பலருக்கு அந்த வண்ணங்கள் கைப்பேசியில் வந்து விழும் படங்கள் மட்டுமே. ‘கவனமாக இருங்கள்’ என்ற ஒரு வரியோடு நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு நம் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் எதிரே ஒரு செயலை எழுதினால்தான் எச்சரிக்கைக்கு உயிர் வருகிறது. எங்கள் சங்கத்தில் வெள்ளத்துக்குப் பிறகு எழுதிய விதி மிகச் சுருக்கமானது: மஞ்சள் வந்தால் தரைத்தளத்தில் உள்ள மின்கருவிகளின் இணைப்பைத் துண்டித்து, காகிதப் பெட்டிகளை மேலே ஏற்ற வேண்டும், ஆரஞ்சு வந்தால் அன்றைய வகுப்புகள் ரத்து, சிவப்பு வந்தால் யாரும் கட்டடத்துக்கு வரக் கூடாது, எதையும் காப்பாற்ற முயலக் கூடாது. இதைச் செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாவி மூவரிடம் இருக்கும், மூவரும் வெவ்வேறு வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். வீணாக ஏற்றி இறக்கினாலும் யாரும் குறை சொல்லக் கூடாது என்று ஒரு வரியைத் தலைவரே தம் கையால் சேர்த்தார். அந்த வரிதான் விதியிலேயே முக்கியமானது என்று இப்போது தோன்றுகிறது.

எழுதியது சரியா என்பதை ஒத்திகைதான் காட்டும். மறு ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பரதநாட்டிய வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, முன்வாசலில் தீ என்று வைத்துக்கொண்டு ஓர் ஒத்திகை நடத்தினோம். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆசிரியையின் பின்னால் வரிசையாகப் பின்கதவுக்குப் போனார்கள். மரக்கதவு திறந்தது, அதற்கு வெளியே இருந்த இரும்பு கிரில் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி அலுவலக இழுப்பறையில். அலுவலக அறையும் பூட்டியிருந்தது. அந்தச் சாவி கைக்கு வர ஒன்பது நிமிடங்கள் ஆயின. சலங்கை கட்டிய கால்களோடு பிள்ளைகள் அந்தக் கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி தீப்பற்றியபோது, சன்னல் கிரில்களைத் தாண்டி வெளியேற முடியாமல் 23 பேர் இறந்ததை நாடே அழுது கேட்டிருந்தது. அந்தச் செய்தியைப் படித்து வருந்தியவர்கள்தான் நாங்கள். எங்கள் பின்கதவை அதற்குப் பிறகும் ஒருமுறை போய்ப் பார்க்கவில்லை.

அந்தப் பூட்டைப் போட்டவர் பொறுப்பில்லாதவர் அல்லர். அதற்கு முந்திய ஆண்டு ஒலிபெருக்கி திருட்டுப் போனதால், திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு அது. ஓர் இடரைக் குறைக்கச் செய்யும் செயல் இன்னோர் இடரைக் கூட்டும் என்பதற்கு மலேசிய வீடுகளின் கிரில் கதவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. திருட்டு அடிக்கடி நடக்கிறது, இழப்பை ஈடு செய்யலாம். தீ எப்போதாவது வருகிறது, இழப்பை ஈடு செய்ய முடியாது. பிரிட்டன் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், விபத்துகளைத் துளையுள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளை அடுக்கியதற்கு ஒப்பிட்டு விளக்கினார். நமக்குச் சல்லடைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியதாக நினைத்துக்கொள்வது எளிது. ஒவ்வொரு பாதுகாப்பிலும் ஓட்டை உண்டு, ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும் நாளில்தான் விபத்து. எங்கள் மண்டபத்தில் பூட்டு ஓர் ஓட்டை, அலுவலக அறையின் பூட்டு இரண்டாவது, ஒரே ஒரு சாவி என்பது மூன்றாவது. நல்வாய்ப்பாக, தீ மட்டும் அன்று கற்பனையாக இருந்தது. இப்போது அந்தக் கிரிலில் உள்ளிருந்து சாவியில்லாமல் கையால் திருகித் திறக்கும் பூட்டைப் பொருத்தியிருக்கிறோம். அதற்கான செலவு ஒரு விருந்தோம்பல் நிகழ்ச்சியின் தேநீர்ச் செலவைவிடக் குறைவு.

சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 1991 மே 7 அன்று சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்த நிகழ்வு, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு வலுவான தூண்டுதலாக அமைந்தது. அச்சட்டம் நெடுங்காலம் குறிப்பிட்ட சில துறைகளுக்கே பொருந்தியது. 2022இல் செய்யப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், மிகச் சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களையும் அதன்கீழ் கொண்டுவந்தது. முதலாளி இடர் மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். கடமை தவறினால் அபராதம் ஐந்து லட்சம் ரிங்கிட் வரை போகலாம். லெபோ பாசாரில் உள்ள ஒரு நகைக்கடையும், பிறையில் உள்ள ஒரு கனரக வாகனப் பட்டறையும் இப்போது ஒரே கடமைக்கு உட்பட்டவை. நம் வணிகர்களில் பலர் அபராதத் தொகையை மட்டும் கேட்டு மிரள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு பிரிவு: உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் ஊழியர், அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம்; அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. விரிசலைக் கண்டவருக்கே நகரும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை ஊழியருக்கு அவருக்குப் புரியும் மொழியில், தமிழிலோ வங்காளத்திலோ நேப்பாளத்திலோ, சொல்லிவைப்பது கடைக்காரரின் கையில் இருக்கிறது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்து மண்சரிவில் மாண்ட 11 பேரும் தொழிலாளர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எல்லா ஆபத்துக்கும் அறிகுறி கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. 2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, தமிழ்நாட்டுக்கு அண்டை மாநிலத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி எட்டு மீட்டர் ஆழத்துக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தத் தெரு தலைமுறை தலைமுறையாகத் தமிழ் முஸ்லிம், இந்திய வணிகர்கள் வாழ்ந்த தெரு. ஓர் உயிர் போன துக்கத்தோடு, தெருவை அடைத்த நாள்களில் வாடிக்கையாளர் வராத நெருக்கடியும் அவர்கள்மேல் விழுந்தது. காலடி நிலத்தைக் கடைக்காரர் கண்காணிக்க முடியாது. ஆனால் கடை ஒரு மாதம் மூடிக்கிடந்தால் வாடகையையும் சம்பளத்தையும் எதிலிருந்து கொடுப்பது, சரக்குப் பட்டியலும் கடன் கணக்கும் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிக்க முடியும். கணக்கு விவரங்களுக்கு மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்றாவது வேறு இடத்தில் என்பது கணினித் துறையினரின் பழைய விதி. சிறு கடைக்கும் அது போதும். காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படிக்கவும் வேண்டும். அடிப்படைத் தீக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியே கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். வாகனத்தின் முழுமைக் காப்புறுதியிலும் அப்படித்தான். 2021 வெள்ளத்துக்குப் பிறகே இதைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல.

ஒத்திகையின் போதும் எச்சரிக்கையின் போதும் எழும் முணுமுணுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டபோது, மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுத்தது. பினாங்குக் கடற்கரைகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று நிலத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல்நீர் மேலே தள்ளப்படவில்லை என்பது பின்னர் விளக்கப்பட்டது. ‘வீண் அலைச்சல்’ என்று சிலர் சலித்துக்கொண்டதைக் கேட்டேன். 2004இல் மூன்று மணி நேரத்தை நாம் பயன்படுத்தத் தெரியாமல் இழந்த அதே கடற்கரையில், இந்த முறை செய்தி மணலில் நின்றவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் எழுந்து நடந்தார். அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வராத அலைக்காக நடந்தவரை அடுத்த முறையும் நடக்க வைப்பதுதான் கடினமான பகுதி. அதற்கு, எச்சரிக்கை விடுத்தவர்கள் ஏன் விடுத்தோம், ஏன் அலை வரவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். நடந்தவர்களுக்கு நன்றியும் சொல்ல வேண்டும்.

சங்கங்களில் இன்னொரு சிக்கல், ஆள் மாறிக்கொண்டே இருப்பது. பட்டறிவு உள்ளவர் பதவி முடிந்து போய்விடுகிறார். புதியவருக்குச் சாவிக்கொத்து கைமாறுகிறது, எந்தச் சாவி ஏன் மூன்று பேரிடம் இருக்கிறது என்ற காரணம் கைமாறுவதில்லை. சிமெலூத் தீவினர் 97 ஆண்டு அந்தக் காரணத்தைத் தாலாட்டில் பாதுகாத்தார்கள். எங்களிடம் இருந்தது குறிப்பேடு, அதுவும் நனைந்துவிட்டது. எனவே, இப்போது ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் கணக்கறிக்கைக்கு முன்பாக, 2017 நவம்பர் 4 மாலை ஐந்தரை மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை அந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்ட குறிப்புகளைச் செயலாளர் நேரத்தோடு வாசிக்கிறார். வாசித்து முடிக்க நான்கு நிமிடங்கள் ஆகும். அன்று கேள்வி கேட்ட துணைச் செயலாளர்தான் இப்போது செயலாளர். செயலவையில் பாதிப்பேர் அந்த வெள்ளத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள். வாசித்த பிறகு, மூன்று சாவிகளையும் வைத்திருப்பவர்கள் எழுந்து நின்று தாங்கள் எந்த வட்டாரத்தில் இருக்கிறோம் என்று சொல்கிறார்கள்.